ஒரே மழைதான், தண்ணி மட்டும் ஏன் இப்ப இவ்வளவு கெதியா வருது? கனகராயன் ஆத்துப் பக்கத்து ஆக்கள் ஒருக்கா வாங்கோ

அம்பகாமத்தான்:
வணக்கம் எல்லாருக்கும். கன நாளா கேக்கோணும் எண்டு நினைச்ச விசயம், முந்தநாள் இறைக்கிற மிசின் தண்ணிக்குள்ள போனாப் பிறகு இனியும் கேக்காம இருக்கேலாது எண்டு எழுதிறன். எங்கட காணி ஆத்தில இருந்து அரைக்கட்டை, அரை மைல். அப்பு இருக்கேக்க மேல கனகராயன்குளம் புளியங்குளம் பக்கம் வானம் கறுத்தா ஒரு கணக்குச் சொல்லுவார், "இண்டைக்கு அங்க மழை, நாளைக்கு இருட்டுப்பட இஞ்ச தண்ணி" எண்டு. மனுசன் அவசரப்படவே மாட்டார், வெத்திலையைப் போட்டுக்கொண்டு அடுத்தநாள் பின்னேரம் ஆறுதலாப் போய் மிசினை மேட்டில ஏத்துவார். நானும் அந்தக் கணக்கை நம்பித்தான் இருந்தன். முந்தநாள் இரவு ஒன்பது பத்து மணிக்கு மழை பிடிச்சது, நல்ல மழைதான், ஆனா காணாத மழை எண்டு சொல்லேலாது. விடியப்புறம் நாலரைக்கு நாய் விடாமக் குலைக்குது எண்டு எழும்பி வந்தா ஆத்துச் சத்தம் வளவுக்குள்ள கேக்குது. மிசின் போச்சு, ரெண்டு மூட்டை பசளையும் போச்சு.

எனக்கு விளங்காதது இதுதான், மழை கூடிட்டுதா இல்லாட்டி ஆறு மாறிட்டுதா?

ரொறன்ரோ_குமார்:
அண்ணை உது காலநிலை மாற்றம், உலகம் முழுக்க உதே கதைதான், இஞ்சயும் போன கோடையில வீட்டு நிலவறைக்குள்ள தண்ணி வந்தது. மிசின் காயவிட்டா வேலை செய்யுமோ?

அம்பகாமத்தான்:
காயவிட்டுத்தான் கிடக்கு தம்பி. காலநிலை எண்டு ஒரு சொல்லில முடிச்சா நான் என்ன செய்யிறது, வானத்துக்கு மனுக் குடுக்கிறதோ.

கண்டாவளை_ரூபன்:
அண்ணை நீங்கள் மேல இருக்கிறியள், நாங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கீழ. எங்களுக்கு ஆறு எண்டா வான்கதவுதான், குளத்தில மிஞ்சின தண்ணியைத் திறந்துவிடுற கதவு. 2018 மார்கழி 21 இரவை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். படுக்கேக்க முத்தத்தில கணுக்கால் தண்ணி, அது மழைத்தண்ணி எண்டு நினைச்சிட்டுப் படுத்தம். சாமம் தாண்ட கட்டிலுக்கு மேல பிள்ளையளை ஏத்தினது, பிறகு கட்டிலும் காணாமப் போய் பள்ளிக்கூடத்துக்கு நடந்தம், நடந்தம் எண்டா கயிறு பிடிச்சு. மாடு ரெண்டு கட்டின கயித்தோடயே போச்சு, அவிட்டுவிட நேரமில்லை. கிளிநொச்சி முல்லைத்தீவு ரெண்டு மாவட்டத்திலயும் சனம் அந்தக் கிழமை பள்ளிக்கூடங்களிலதான் கிடந்தது. கதவு எப்ப திறந்தது, ஆர் திறந்தது எண்டு பிறகு கன கதை வந்தது, அதை விடுவம். எனக்கும் உங்கட கேள்விதான் அண்ணை, அவ்வளவு தண்ணி ஒரு இரவில எங்கயிருந்து குளத்துக்குள்ள வந்தது?

மட்டு:
மட்டுறுத்துநரா வழமைபோலச் சொல்லிறன், ஆரையும் பேர் சொல்லி ஏச வேண்டாம். தண்ணியைப் பற்றிக் கதையுங்கோ, எவ்வளவும் கதைக்கலாம்.

மருதநிழல்:
நான் வவுனியா வடக்கில புவியியல் படிப்பிக்கிறனான், பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கேக்க வரைபடம் காட்டினா ஒருத்தருக்கும் ஏறாது, சைக்கிளைச் சொன்னா ஏறும். ஏ9 ரோட்டால சைக்கிள் ஓடினவைக்குத் தெரியும், கண்ணுக்கு எல்லாம் சமதரைதான், ஆனா கால் சொல்லும் எங்க ஏத்தம் எங்க இறக்கம் எண்டு. வன்னியில மலை இல்லை எண்டபடியா நீர்பிரிமேடு, அதாவது மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடோணும் எண்டு பிரிக்கிற மேடு, எங்கட கண்ணுக்குத் தெரியிறேல்ல, தண்ணிக்கு மட்டும் தெரியும். மாங்குளத்துக்கு மேற்க விழுற மழை பாலியாறு வழிய வவுனிக்குளத்துக்குப் போய் பாக்குநீரிணைப் பக்கம் இறங்குது. ரோட்டுக்குக் கிழக்க விழுறது கனகராயன் ஆத்தோட வடக்க ஓடி இரணைமடுவுக்கு வந்து, மிஞ்சினது சுண்டிக்குளத்துக் களப்புக்குப் போகுது. அதுக்கும் கிழக்க ஒட்டுசுட்டான் பக்கம் விழுந்தா பேராறு, முத்தையன்கட்டு, நந்திக்கடல். ஒரே முகில், ஒரே இரவு, மூண்டு கடலோரத்துக்குப் பிரியுது.

இனி அம்பகாமத்து அண்ணையின்ர கேள்விக்கு வாறன். கனகராயன் ஆறு ஏறக்குறைய 86 கிலோமீற்றர் நீளம், அது தொடங்கிற வவுனியாப் பக்கமே கடல்மட்டத்துக்கு நூறு மீற்றர் அளவுதான் உயரம். அப்ப கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சொச்சம்தான் சரிவு. இப்பிடிச் சரிவு குறைஞ்ச நிலத்தில தண்ணி ஓடாது, ஊரும். அது எவ்வளவு நேரம் ஊருது எண்டதை சரிவு தீர்மானிக்கிறதிலும் பார்க்க நிலத்துக்கு மேல கிடக்கிற சாமான்தான் தீர்மானிக்கும். சருகு, வேர், புல்லு, வரம்பு, சின்னக்குளம், எறும்புப் புத்து, மாட்டுக் குளம்படி எல்லாம் இதுக்கை அடங்கும். மலைநாட்டில காடு வெட்டினா மண் சரியும், உடன கண்ணுக்குத் தெரியும். எங்கட பக்கம் வெட்டினா ஒண்டும் சரியாது, தண்ணி வாற நேரம்தான் மாறும், அதுவும் பத்துப் பதினைஞ்சு வருசம் கழிச்சு ஆற்றையோ மிசின் போகேக்கதான் தெரியும்.

பழைய_ரீஏ:
ரீச்சர் சொன்னது சரி. நான் நீர்ப்பாசனத்தில ரீஏ, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்து இளைப்பாறினவன், கணக்கைச் சொல்லிறன், பேனையும் பேப்பரும் எடுங்கோ.

இரணைமடுவுக்கு மேல நீரேந்து பரப்பு, அதாவது மழை விழுந்தா குளத்துக்கு வடிஞ்சு வாற நிலம், 227 சதுர மைல். மைலுக்கு 640 ஏக்கர். பெருக்கினா ஒரு லட்சத்து நாப்பத்தையாயிரம் ஏக்கர் சொச்சம். அந்த முழு நிலத்திலயும் ஒரு இஞ்சி மழை விழுந்து ஒரு சொட்டும் வீணாகாம குளத்துக்கு வந்தா பன்னிரண்டாயிரம் ஏக்கரடி தண்ணி. ஏக்கரடி எண்டா ஒரு ஏக்கரில ஒரு அடி உயரத்துக்கு நிக்கிற தண்ணி. குளத்தின்ர முழுக் கொள்ளளவே ஒரு லட்சம் ஏக்கரடி சொச்சம்தான். அப்ப எட்டு ஒன்பது இஞ்சி மழை முழுசா வந்தா வெறுங்குளமும் நிரம்பும்.

ஆனா முழுசா வாறேல்ல. புரட்டாதி ஐப்பசியில முதல் மழை ரெண்டு இஞ்சி விழும், ஆத்தில ஒண்டும் வராது, நிலம் குடிச்சிடும். அதே ரெண்டு இஞ்சி மார்கழியில விழட்டும், நிலம் ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சிட்டு இருக்கு, சின்னக்குளம் எல்லாம் நிரம்பி வான் பாயுது, வயலுக்குள்ள இடமில்லை, பாதிக்கு மேல ஆத்துக்கு வரும். அதுதான் தம்பி "அண்டைக்கும் இதே மழை" எண்டு சொல்லேக்க முதல்க் கேள்வி, அதுக்கு முதல் பத்து நாளும் என்ன மழை எண்டது. 2018 வெள்ளமும் மார்கழி வெள்ளம்தான். 1957 வெள்ளம் எண்டு எங்கட அப்பாமார் சொல்லிற வெள்ளமும் மார்கழி வெள்ளம், வறண்ட வலயம் முழுக்க சின்னக்குளங்கள் நூற்றுக்கணக்கில உடைஞ்சது அந்த மாசம். 1964 சூறாவளியும் மார்கழி.

இனி வேகம். ஆத்துக்குள்ள இறங்கின தண்ணி செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடுது எண்டு வையுங்கோ, மணித்தியாலத்துக்கு 3.6 கிலோமீற்றர், ஒரு நாளைக்கு 86. ரீச்சர் சொன்ன நீளமும் அதுதான். அப்ப உங்கட அப்புவின்ர "இண்டைக்கு மழை நாளை தண்ணி" சும்மா வந்த கணக்கில்லை. அந்தாள் ரீஏ வேலைக்கு வந்திருக்கோணும்.

அம்பகாமத்தான்:
ஐயா அப்பு ஐஞ்சாம் வகுப்பு. நன்றி ஐயா. ஆனா அப்ப எனக்கு ஏழு மணித்தியாலத்தில வந்தது எப்பிடி? நீங்கள் சொல்லிற வேகத்தில எண்டா 25 கிலோமீற்றர்தான் வந்திருக்கும்.

பழைய_ரீஏ:
அதுதான் விசயமே. வந்தது மேலயிருந்து வந்த தண்ணி இல்லை. உங்களுக்குக் கிட்ட, பக்கத்துப் பக்கத்து ஓடைகளில இருந்து வந்த தண்ணி. முந்தி அந்த ஓடைத் தண்ணி காட்டுக்குள்ள நிண்டு நிண்டு வாறதால ஆத்துத் தண்ணி வாற நேரத்துக்கு அதுவும் மெதுவா வந்து சேரும். இப்ப உங்கட வீட்டுக்குப் பின்னால என்ன மாறியிருக்கு எண்டு பாருங்கோ. மேல நடந்ததைப் பிறகு கதைப்பம், முதல் வளவுக்குப் பின்னால போங்கோ.

கண்டாவளை_ரூபன்:
ஐயா இதைப் படிக்க எனக்கு மயிர் கூச்செறியுது. அப்ப ஒரு இரவு பத்து இஞ்சி பெய்தா?

பழைய_ரீஏ:
மார்கழியில பெய்தா, பாதி வந்தாலும் அறுபதாயிரம் ஏக்கரடி. குளம் முக்கால்வாசி நிரம்பிக் கிடந்தா எங்க வைக்கிறது? கதவைத் திறக்கிறவனுக்கும் பயம், திறக்காதவனுக்கும் பயம். முந்தித் திறந்தா பிறகு மழை வராட்டி சிறுபோகக் கூட்டத்தில, கோடை நெல்லு விதைப்புக்குத் தண்ணி பிரிக்கிற கூட்டத்தில, கமக்காரர் கல்லெறிவினம், பிந்தித் திறந்தா கண்டாவளை. அந்தக் கதிரையில இருந்து பாத்தாத்தான் தெரியும்.

ரிப்பர்_ராசன்:
இப்ப சுத்திவளைச்சு கிரவல் அள்ளிறவனிலயும் மணல் ஏத்திறவனிலயும் வந்து நிக்கப்போறியள் எண்டு தெரியும், அதான் நானே வந்திட்டன். சண்டை முடிஞ்சு வந்த சனத்துக்கு வீடு கட்டினது என்னத்தால? ரோட்டுப் போட்டது என்னத்தால? ஏ9 நீங்கள் சைக்கிள் ஓடேக்க குண்டும் குழியுமா கிடந்தது, இப்ப வழுக்கிக்கொண்டு போறியள், அந்தக் கிரவல் வானத்தில இருந்து விழுந்ததோ? இன்னொண்டு, காடு இருந்தா தண்ணி கிடைக்கும் எண்டு எல்லாரும் சொல்லுகினம், நான் வாசிச்ச அளவில மரம் தண்ணியைக் குடிக்கும், வெட்டினா ஆத்தில தண்ணி கூடும். ரீச்சர் இதுக்கு என்ன சொல்லுறா?

மருதநிழல்:
ரீச்சர் என்ன சொல்லுறா எண்டா, நீங்கள் வாசிச்சது பிழையில்லை எண்டு சொல்லுறா. 1982 இல பொஷ், ஹியூலெற் எண்ட ரெண்டு ஆய்வாளர் உலகம் முழுக்க நடந்த 94 நீரேந்துப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பாத்தவை, காடு குறைஞ்சா வருசத்தில ஓடுற மொத்தத் தண்ணி கூடுது எண்டுதான் வந்தது. பாலை முதிரை வீரை எல்லாம் பங்குனி சித்திரை வெயிலிலயும் ஆழத்தில இருந்து உறிஞ்சி விடுற மரம், அது குடிக்கிற தண்ணி குளத்துக்கு வராது. காடு மழையைச் செய்யும், காடு வெள்ளத்தை நிப்பாட்டும் எண்டு பாடப்புத்தகத்தில வாற மாதிரி நான் சொல்லமாட்டன். பத்து இஞ்சி மழை மார்கழியில கொட்டினா அடர்ந்த காடும் கையை விரிச்சிடும்.

ஆனா ராசன் அண்ணை, கூடுற தண்ணி எப்ப வருது? அதுதான் அம்பகாமத்து அண்ணையின்ர மிசினுக்கு முக்கியம். காடு குடிச்ச தண்ணி போக மிச்சத்தை ஆறுதலா விடும். வெட்டை வெளி குடிக்கிறதும் குறைய, வைச்சிருக்கிறதும் குறைய, வாறதை அண்டிரவே தள்ளிவிடும். எங்கட செங்கபில மண் காய்ஞ்சா சீமெந்து மாதிரி இறுகிற மண், அதுக்கு மேல சருகு இல்லாம நேரா மழைத்துளி அடிச்சா மேல்ப்பக்கம் பசைபிடிச்ச மாதிரி அடைச்சுப்போகும், கீழ காய்ஞ்சு கிடக்கும், மேல தண்ணி ஓடும். மண்வெட்டியால கொத்திப் பாருங்கோ, பெரிய மழைக்குப் பிறகும் வெட்டையில அரைச்சாண் கீழ புழுதி. காட்டுக்குள்ள அதே மழைக்கு முழங்கை அளவு ஈரம் போயிருக்கும், ஏனெண்டா செத்த வேர் விட்ட துவாரமும் கறையான் துவாரமும் அங்க கன கிடக்கு. காட்டை வெட்டி ஒழுங்கான வயலாக்கினாலும் பரவாயில்லை, வயலுக்கு வரம்பு இருக்கு, ஒரு ஏக்கர் வயல் நாலு இஞ்சி தண்ணி பிடிச்சா நாலு லட்சம் லீற்றர், அது ஒரு சின்னக்குளம்தான். வெட்டிப்போட்டு ஒண்டும் செய்யாம விடுற காணியும், ரிப்பர் லொறி நூறு தரம் ஏறி இறங்கி இறுக்கின காணியும்தான் பெரிய கூத்து.

ரிப்பர்_ராசன்:
பாதி ஒப்புக்கொள்ளிறன். மற்றப் பாதியை வேலை முடிஞ்சு வந்து அடிபடுறன்.

முருங்கன்பொடியன்:
மன்னார்ப் பக்கத்தால ஒரு கதை. உங்களுக்கு ஆறு 86 கிலோமீற்றர் எண்டு பெருமைப்படுறியள், எங்கட அருவியாறு 164, ரிட்டிகல மலையில தொடங்கி அனுராதபுரத்தைச் சுத்தி வாறது, சிங்களத்தில மல்வத்து ஓயா. அதால எங்களுக்கு நடக்கிற பகிடி என்னெண்டா, முருங்கனில நெத்தி பிளக்கிற வெயில், நெல்லு காயப்போட்டிருப்பம், ஆறு கரைதட்டி வரும். ஆற்றையோ ஊர் மழை மச்சான். அப்பா றேடியோவில அனுராதபுரம் மழை எண்டு கேட்டா உடன ஆத்தங்கரைக் கொட்டிலில கிடக்கிற சாமானைத் தூக்குவார், இஞ்ச வானத்தைப் பாக்கவே மாட்டார். தேக்கம் அணைக்கட்டில மறிச்சுத்தானே கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணி எடுக்கிறது, அந்த வெள்ளத்தாலதான் எங்கட வயலே விளையுது, அதையும் சொல்லோணும்.

மண்ணைப் பற்றி ரீச்சர் சொன்னதுக்கு எங்கட பக்கம் எதிர்மாறு. எங்கட கறுப்புக் களி கோடையில வெடிச்சுக் கிடக்கும், வெடிப்புக்கை கை முழங்கை மட்டும் போகும், ஒருக்கா சின்னனில என்ர செருப்பே போனது. முதல் மழை எவ்வளவு பெய்தாலும் கட்டாந்தரையில ஒரு சொட்டு ஓடாது, எல்லாம் வெடிப்புக்கை. பிறகு களி ஊதி வெடிப்பு மூடினா கதை முடிஞ்சுது, பிளாஸ்டிக் விரிச்ச மாதிரி, அதுக்குப் பிறகு விழுறது எல்லாம் ஓட்டம்தான். ஒரே வயல், ஐப்பசியில பஞ்சு, மார்கழியில தகரம்.

ரொறன்ரோ_குமார்:
செருப்பு பிறகு வந்ததோ?

முருங்கன்பொடியன்:
உழவில வந்தது அண்ணை, ஒரு செருப்பு.

அம்பகாமத்தான்:
ஐயா சொன்னபடி வளவுக்குப் பின்னால போனன். போகப் போக இதை முந்தியே பாத்திருக்கலாமே எண்டு எனக்கே வெக்கமா இருந்தது. எங்கட காணிக்கும் காட்டுக்கும் இடையில ஒரு ஓடை, சின்னனில அதுக்கை மீன் பிடிச்சனாங்கள், அப்ப இடுப்பளவு ஆழம், நாணலும் தாழையும் பிடிச்சு வளைஞ்சு வளைஞ்சு வரும். இப்ப அது வாய்க்கால் மாதிரி நேரா வெட்டிக் கிடக்கு, மேல ஆரோ காணி துப்புரவாக்கேக்க ஜேசிபி பிடிச்சு வெட்டினது. வெட்டினதே தங்கட காணிக்கை தண்ணி நிக்கக்கூடாது எண்டுதான், அவையின்ர நியாயம் அவைக்கு. நாணல் இல்லை. அடி முழுக்க பாளம் பாளமா செம்மண். அதுக்கு மேல நடந்தா கிரவல் எடுத்த கிடங்கு நாலைஞ்சு, சரி அதுக்கை தண்ணி நிக்கும் நல்லதுதானே எண்டு பாத்தா, ரிப்பர் போன பாதை கிடங்குக்குப் பக்கத்தால நேரா ஓடைக்கு இறங்குது, மழைக்கு அந்தப் பாதையே ஓடையாகி முழங்கால் ஆழம் அரிச்சிருக்கு. இன்னும் மேல போக பழைய குளக்கட்டு ஒண்டு, காடு மூடி, நடுவில ரக்ரர் போற அளவு உடைவு. அந்தக் குளத்தின்ர பேர் எங்கட ஊரில ஒருத்தருக்கும் தெரியாது, அப்புவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மருதநிழல்:
அண்ணை, மிசின் கதையைவிட இந்தக் குளம்தான் எனக்கு முக்கியமாத் தெரியுது. அது தனிக்குளமா இருக்காது. மேலயும் கீழயும் தேடுங்கோ, ஒரே ஓடையில மாலை கோத்த மாதிரி இருக்கும். பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல இதைக் குளத்தொடர் எண்டு விளக்கி எழுதினவர், மேல்க்குளம் வான் பாயிற தண்ணி கீழ்க்குளத்துக்கு, வயலில கழியிற தண்ணியும் கீழ்க்குளத்துக்கு. 2017 இல ஐநாவின்ர உணவு விவசாய அமைப்பும் இலங்கையின்ர இந்த முறையை உலக விவசாய மரபுரிமை எண்டு ஏத்தது. அனுராதபுரத்துச் சிங்கள ஆக்கள் இதுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் பேர் வைச்சிருக்கினம். அலைகரைக்கு, அதாவது குளத்துக்கை தண்ணி வந்து சேருற பக்கத்துக் கரைக்கு, மேல மரக்கூட்டம் விடுறது காத்தை மறிச்சு ஆவியாகிறதைக் குறைக்க, அதுக்குக் கீழ புல்லுப் பத்தை விடுறது வண்டலை வடிக்க, பெரிய குளத்துக்கு மேல ஒரு குட்டிக்குளம் மாட்டுக்கும் மண் படியிறதுக்கும், குளக்கட்டுக்குக் கீழ வயல் தொடங்க முதல் ஒரு ஈரக்காடு உப்பை உறிஞ்ச. எங்கட ஆக்களும் அதே மாதிரித்தான் விட்டிருந்தவை. "அலைகரைக்குள்ள தோட்டம் செய்யாதை" எண்டு பழைய ஆக்கள் சண்டை பிடிக்கிறது ஏன் எண்டு இப்ப விளங்குதா?

கண்டாவளை_ரூபன்:
ரீச்சர் நல்ல கதை, ஆனா ஒரு பயமும் இருக்கு, சொன்னா கோவிக்கக்கூடாது. மேல இருக்கிற உடைஞ்ச குளம் எல்லாத்தையும் எல்லாரும் கட்டினா, மழை குறைஞ்ச வருசம் எங்களுக்கு என்ன வரும்? இரணைமடுவில எத்தனை அடி தண்ணி எண்டு பாத்துத்தான் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கிறது. எங்களுக்கு வெள்ளமும் வேண்டாம், வெறுங்குளமும் வேண்டாம்.

பழைய_ரீஏ:
ரூபன் கேட்டது நியாயமான கேள்வி, இதை மழுப்பக்கூடாது. சின்னக்குளம் முதல்த் தண்ணியைப் பிடிக்கும், உண்மை. மழை குறைஞ்ச வருசம் அது கீழ வாறதில வெட்டு விழுத்தும், அதுவும் உண்மை, அகலமான ஆழமில்லாத குளம் எண்டா வெயிலுக்கும் கன தண்ணி போகும். நல்ல வருசத்தில மார்கழிக்குள்ள எல்லாம் நிரம்பி வான் பாயத் தொடங்கினா பிறகு பிடிக்காது, ஆனா தட்டையாக்கும், அதாவது ஒரு மணித்தியாலத்தில வாறதை நாலு மணித்தியாலமா இழுத்து விடும். கதவில நிக்கிறவனுக்கு அந்த மூண்டு மணித்தியாலம் பொன்.

அதிலும் பெரிய பிரச்சினை ஒண்டு. அரைகுறையாக் கட்டின குளம் கட்டாத குளத்தைவிட மோசம். வான் சின்னனா வைச்சு, கட்டை மட்டும் உயர்த்தி, மரம் முளைக்க விட்டு, ஒரு நாள் இரவு உடைஞ்சா தன்ர தண்ணி முழுக்க ஒரேயடியா கீழ்க்குளத்துக்கு. அது தாங்காது, அதுவும் உடையும். 57 இல நடந்தது அப்பிடித்தான், ஒண்டு விழ ஒண்டு விழுந்தது. ஆகையால தம்பி, உணர்ச்சிவசப்பட்டு மண்வெட்டியோட போய் அந்த உடைவை அடைக்காதையுங்கோ. கமநலசேவைக்கு எழுதி, மட்டம் பிடிச்சு, வானுக்கு இடம் பாத்துச் செய்யிற வேலை அது. நீங்கள் இப்ப செய்யக்கூடியது ஓடையை வளைய விடுறது, கரையில ரெண்டு பக்கமும் நாணலை விடுறது, ரிப்பர்ப் பாதைக்குக் குறுக்க இடைக்கிடை கல் வரம்பு வைச்சுத் தண்ணியைக் காட்டுக்குள்ள திருப்பிறது. காசு பெரிசா இல்லை.

ரிப்பர்_ராசன்:
வேலை முடிஞ்சு வந்திட்டன். கல் வரம்புக்கு கல் நான் ஏத்தித் தாறன், கூலி வேண்டாம், டீசல் மட்டும். அந்தப் பாதை என்ர பாதையா இருக்கவும்கூடும், சொல்லத் தெரியேல்ல.

ஆனா மணலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, நானே சொல்லிறன், ஏனெண்டா அதில எனக்கு மனச்சாட்சி குத்துறது. முந்தி ஆடி ஆவணியில ஆத்துக்குள்ள முழங்கால் அளவு கிண்டினா ஊத்து வரும், மாடு, யானை, சனம் எல்லாம் அதில குடிச்சது. ஆறு காயுது எண்டு சொன்னாலும் அது மணலுக்குக் கீழ படுத்துக் கிடக்கும். நாங்கள் மணலை ஏத்த ஏத்த களி அடி தெரியுது, இப்ப ஒரு ஆள் உயரம் கிண்டினாலும் சில இடத்தில இல்லை. அடி தாழ கரையில நிண்ட மருதுகள் வேர் தெரிய நிக்குது, அடுத்த வெள்ளத்துக்கு விழும், விழுந்தா அது பாலத்தில போய் அடைக்கும். அடி தாழ்ந்த ஆறு கரைபுரண்டு பரவாம வாய்க்கால் மாதிரி கெதியா ஓடுறதையும் கண்ணால கண்டனான். ஐயா இதுக்கு ஒரு கணக்குச் சொல்லுவார்.

பழைய_ரீஏ:
கணக்குத் தேவையில்லை தம்பி, நீர் சொன்னதே காணும்.

மருதநிழல்:
ஒரு சின்ன இணைப்பு. மதகுகளையும் எண்ணுங்கோ அண்ணை. ரோட்டையும் தண்டவாளத்தையும் உயர்த்திப் போட்டாப் பிறகு, பரந்து வந்த தண்ணி எல்லாம் நாலு குழாய்க்குள்ளால போகோணும் எண்டு வந்திருக்கு. ஒரு பக்கம் கடல் மாதிரித் தேங்கும், மற்றப் பக்கம் ஈட்டி மாதிரிப் பாயும். எங்கட பள்ளிக்கூடத்து முன்மதகு அப்பிடி, மழை நாளில பிள்ளையள் அதில நிண்டு இலை விட்டு விளையாடுகினம், நான் கத்திக்கொண்டு நிப்பன்.

அம்பகாமத்தான்:
ஒரு கிழமைக்குப் பிறகு வாறன். கல் வரம்பு ஏழு வைச்சாச்சு, ராசன் அண்ணை கல்லும் தந்து நிண்டு வேலையும் செய்தவர், டீசலுக்கும் காசு வாங்கேல்ல. மழையையும் அளக்கத் தொடங்கிட்டன். பாலை மரத்தடியில வாளி வைச்சன், முந்தநாள் இரவு மழைக்கு வாளிக்குள்ள 44 மில்லிமீற்றர், ஆத்தில தண்ணி ஏறினது பதினொரு மணித்தியாலத்துக்குப் பிறகு. கல் வரம்பு வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?

பழைய_ரீஏ:
அவசரப்படாதையும். ஒரு மழையை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, போனமுறை நிலம் நனைஞ்சு கிடந்தது, இந்தமுறை இடையில ஆறு நாள் வெயில். மற்றது, வாளி மேல அகலம் கீழ ஒடுக்கம், அதில அளக்கிற மில்லிமீற்றர் பொய். நேரான பால்மா ரின் எடும். அதோட ஆர் உமக்கு மரத்தடியில வைக்கச் சொன்னது?

அம்பகாமத்தான்:
மாடு தட்டும் எண்டு வைச்சன் ஐயா. சரி, ரெண்டு ரின் எடுத்து ஒண்டு மரத்தடியிலயும் ஒண்டு வெட்டையில முள்ளுக்கம்பி சுத்தியும் வைச்சிருக்கிறன். நேற்றிரவு மழை: வெட்டையில 31, மரத்தடியில 25.

ரொறன்ரோ_குமார்:
மிச்சம் ஆறு எங்க?

மருதநிழல்:
இலையில நிண்டு காத்தோட போயிருக்கும், கொஞ்சம் தண்டு வழிய இறங்கி அடிவேருக்குப் போயிருக்கும். அண்ணை, தண்டில ஒரு பழைய ரியூப்பைச் சுத்திக் கட்டி மூண்டாவது ரின்னுக்கு விடுங்கோ பாப்பம்.

அம்பகாமத்தான்:
ரியூப் இருக்கு ரீச்சர், மிசின்ர.